பெரியப்பா படித்த ஸ்பானிஷ்

விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் குமட்டிக்கொண்டு வரும். உங்களில் பாதிப்பேர் அப்படிப் புரட்டுகிறவர்கள்தான். நம் வயதில் விரல் நுனி காய்ந்துபோகிறது, வேறு வழியில்லை, எனக்கும் தெரியும். ஆனாலும் என் முன்னால் செய்யாதீர்கள். பேங்கில் எனக்கு முன்னால் நிற்பவர் எச்சில் தொட்டுப் பாஸ்புத்தகத்தைப் பிரித்தால்கூட நான் வரிசையை விட்டு விலகி வெளியே போய் நின்றுகொள்வேன். பைத்தியம் என்று என் வீட்டிலேயே சொல்கிறார்கள்.

போன மாதம் தம்பி மகள் வந்திருந்தாள். போனில் ஸ்பானிஷ் படிக்கிறாளாம். போன் பேசுகிறது, இவள் திருப்பிச் சொல்கிறாள், சரியாகச் சொன்னால் மணி அடிக்கிறது. “ஏனுங்கத்தை, உங்களுக்குச் சின்ன வயசுலயே ஸ்பானிஷ் தெரியுமாமா? அப்பா சொன்னாரு. எனக்குக் கொஞ்சம் சொல்லிக்குடுங்க” என்றாள். மறந்துபோச்சு கண்ணு என்றேன். பச்சைப் பொய். ஒரு சொல்கூட மறக்கவில்லை. மறந்தால் நிம்மதி என்றுதான் இத்தனை வருடமாகப் பார்க்கிறேன்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அனுப்பர்பாளையத்தில் குடியிருந்தோம். இரண்டு பக்கமும் பாத்திரப் பட்டறை. விடிந்தால் டங் டங்கென்று ஆரம்பித்துவிடும். அப்பா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கம்பெனி முதலாளி எங்களுக்குத் தூரத்துப் பங்காளி. எத்தனை தலைமுறைத் தூரம் என்று யாரும் சரியாகச் சொன்னதில்லை, ஆனாலும் பங்காளி பங்காளிதானே. அதனால் அப்பா அவரை அண்ணா என்பார், அவர் அப்பாவைத் தம்பி என்பார், நான் பெரியப்பா என்பேன். கோயில் நோம்பித் திருவிழாவில் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். கம்பெனிக்குள் அப்பா அவர் முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு ஸ்பானிஷ் வந்தது பள்ளிக்கூடத்தில். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளி. அங்கே ஸ்பெயினிலிருந்து வந்த வயதான சிஸ்டர் ஒருவர் இருந்தார். பள்ளி விட்டபின் டவுன் பஸ் வரும்வரை நான் நூலகத்தில் காத்திருப்பேன். அவர் அங்கே கிழிந்த புத்தகங்களுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருப்பார். தன் மொழியில் பேச ஆளில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, என்னைப் பிடித்துக்கொண்டார். உங்கள் தமிழ் மாதிரிதான், வினைச்சொல்லின் வாலைப் பார்த்தாலே யார் செய்தார் என்று தெரிந்துவிடும் என்பார். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. இரண்டு வருடத்தில் அவரோடு திக்காமல் பேச வந்துவிட்டது. அவரிடம் நீல அட்டை போட்ட ஒரு சின்ன அகராதி இருந்தது. அவருடைய அம்மா கொடுத்ததாம். அதை எனக்கு இரவல் கொடுத்திருந்தார்.

அந்த வருடம் ஆடியில்தான் சனியன் பிடித்தது. ஸ்பெயினுக்குப் போன டி-ஷர்ட் அத்தனையும் முதல் சலவையிலேயே சுருங்கிப்போனதாகத் தந்தி வந்தது. பெரியவர்கள் போடுகிற சட்டை, பள்ளிப் பிள்ளைகள் போடுகிற அளவுக்கு வந்துவிட்டதாம்.

இதை விளங்கச் சொல்ல வேண்டும். பனியன் துணி சாயமேறி, உருளையில் அழுத்தி வந்த சூட்டோடு வெட்டக் கூடாது. சுருளைப் பிரித்து மேசைமேல் ஓர் இரவு சும்மா கிடக்கவிட வேண்டும். இழுபட்டதெல்லாம் தன்னால் கூடித் தன் அளவுக்கு வந்து நிற்கும். அதன்பிறகுதான் கத்தி வைக்க வேண்டும். அப்பா இதில் மகாக் கறார். “துணி மூச்சு உடோணும்” என்பார். அந்தத் துணி வந்து இறங்கிய அன்று நான் அவருக்குச் சாப்பாட்டுத் தூக்குக் கொண்டுபோயிருந்தேன். என் காதால் கேட்டேன்.

“ஒரு ராத்திரி கெடக்கட்டுங்கண்ணா. இப்ப வெட்டுனா சுருங்கிப் போயிருமுங்க.”

“கப்பல் உனக்காவ நிக்குமா தம்பி? நீ வெட்டு. என்ன வந்தாலும் நான் பாத்துக்கறேன்.”

அப்பா வெட்டினார்.

இப்போது ஸ்பெயின்காரர் நேரிலேயே கிளம்பி வருகிறார் என்றார்கள். அவருடைய ஆர்டரை நம்பித்தான் கம்பெனி ஓடியது. அவர் அடுத்த ஆர்டரைக் கொடுக்காமல் போனால் கம்பெனியைப் பூட்ட வேண்டியதுதான், அப்பா வீட்டில் உட்கார வேண்டியதுதான். அம்மா செவ்வாய்க்கிழமைகளில் முருகனுக்கு விரதம் பிடிக்கத் தொடங்கினாள்.

அந்த வாரத்தில்தான் பெரியப்பா முதல்முறையாக எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார்.

“ஏங்கண்ணு, நீ ஸ்பெயின் பாசை பேசறயாமா?”

“பேசுவேனுங்க பெரியப்பா.”

“எனக்குச் சொல்லிக்குடு. அவம் பாசையில நானே நாலு வார்த்தை பேசுனா மனசு எளகுமில்ல?”

அப்பா மெல்ல, “இங்கிலீசு பேச ஏஜென்ட் இருக்காருங்களே அண்ணா” என்றார்.

“ஏஜென்ட் காதுல உளுந்தாப் பொழுது சாயறதுக்குள்ள திருப்பூரு பூராத் தெரிஞ்சுரும் தம்பி. அந்த சிஸ்டர்கிட்டப் போயி நான் பெஞ்சுல உக்கோரவா முடியும்? இவள்னா நம்மூட்டுப் புள்ளை.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்பெனியையும் அப்பாவையும் காப்பாற்றப்போவது நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். புது நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, அதன் கீழே ஸ்பானிஷ் எழுத்துகளை வரிசையாக எழுதினேன்.

சாம்பிள் ரூமில் பாடம். வாரத்தில் மூன்று நாள், ஞாயிற்றுக்கிழமை உட்பட. அந்த அறையை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது நாற்றம்தான். சாயத்தின் புளிச்ச நெடி, மூடிய ஜன்னல், அதற்கு மேல் பெரியப்பா. தலைக்குச் சாயம் அடிப்பார். வியர்த்தால் அது கரைந்து காதுக்குப் பின்னால் கறுப்பாக வழிந்து சட்டைக் காலரில் இறங்கும். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு தின்றுவிட்டு வருவார்; கையைக் கழுவினாரோ இல்லையோ, பல்லிடுக்கில் என் பென்சிலைவிட்டுக் குடைவார். அந்தப் பென்சிலால்தான் நான் எழுத வேண்டும். அப்புறம் அந்த விரல். பாக்கு மென்ற நாக்கில் தொட்டு, என் நோட்டின் மூலையை நனைத்து, நனைத்துப் புரட்டுவார். ஆவணி முடிவதற்குள் என் நோட்டின் மூலைகள் எல்லாம் சுருண்டு செம்பழுப்பாகிவிட்டன. வீட்டுக்கு வந்ததும் அதை இரண்டு விரலால் தூக்கிப் பரண்மேல் எறிந்துவிட்டு, சாம்பல் போட்டுக் கையைத் தேய்ப்பேன். “பெரியவீகளை அப்படி அசிங்கம் பாக்கக் கூடாது” என்று அம்மா திட்டுவாள்.

நிறங்களைக் கட்டிங் வேஸ்டை வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். அப்பா மேசைக்கடியிலிருந்து நல்ல துண்டுகளாகப் பொறுக்கித் தந்திருந்தார். சிவப்பு ரோஹோ, நீலம் அசூல், பச்சை வேர்தே. பெரியப்பா ரோஹோவை எடுத்து முகர்ந்து பார்த்தார், பிறகு அதிலேயே மூக்கைச் சிந்தி மடித்து மேசைமேல் வைத்தார். அந்தத் துண்டை அவர் கிளம்பும்வரை நான் பார்க்காமல் பாடம் நடத்தினேன். உங்களில் சிலருக்கு இதெல்லாம் ஒரு குற்றமா என்று தோன்றும். குற்றமில்லை. எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அப்பாவுக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

வணக்கம் சொல்வதில் ஒரு நாள் போயிற்று. “ஓலா” என்று சொல்லச் சொன்னால் “ஓலாங்க” என்பார். “மொட்டையா ஓலான்னா மரியாதையா இருக்குதா கண்ணு?” என்று என்னிடமே கேட்பார். எனக்குச் சிரிப்பு வரும். ஸ்பானிஷிலும் மரியாதை உண்டு பெரியப்பா, பெரியவர்களை ஊஸ்தெத் என்று சொல்வார்கள், நெருங்கினவர்களைத் தூ என்று சொல்வார்கள் என்று விளக்கினேன். முகம் மலர்ந்துவிட்டது.

“அப்ப வேலைக்காரனுக்குத் தூ தானே?”

எங்கள் பள்ளித் தோட்டக்காரரைக்கூட சிஸ்டர் ஊஸ்தெத் என்றுதான் சொல்வார் என்றேன்.

“அது அவிங்க பொழப்பு” என்றார்.

நான் போட்ட வரிசைப்படி அவர் படிக்கவே இல்லை. எண்கள் வேண்டாம், கிழமைகள் வேண்டாம். அவர் கேட்பதை நான் சொல்ல வேண்டும். ஒரு நாள், “பழைய மெஷினுக்கு என்ன?” என்றார். மாக்கினா வியேஹா என்றேன். “பழைய ஆம்பளைன்னா?” ஓம்ப்ரே வியேஹோ என்றேன். உடம்புப் பாடத்தில் கையும் காலும் விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் எழுதச் சொன்னார்: ஓஹோஸ். இன்னொரு நாள், கெட்டது என்பதற்கு என்ன? மாலோ. தீபாவளி லீவு சொல்வதற்கு வேண்டும் என்று, நாளைக்கு வேலையில்லை என்பதைக் கேட்டார். மன்யானா நோ திரபாஹா. எல்லாம் உதிரி உதிரியாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சம்பந்தமே இல்லாமல் கேட்டார். வயதானவர், நினைவு தாறுமாறாக ஓடுகிறது என்று நினைத்தேன்.

கடைசி வாரத்தில், “தப்பு இன்னார் மேலன்னு எப்படிச் சொல்றது?” என்றார்.

அகராதியைப் புரட்டி எடுத்துக் கொடுத்தேன். குல்பா. எனக்கு மெய்யாகவே கண் கலங்கிவிட்டது. பெரியப்பா மன்னிப்புக் கேட்கப்போகிறார்! நான் பொறுமையாக நோட்டில் எழுதினேன்: லா குல்பா எஸ் மியா, தப்பு என்னுடையது. அவர் அதைச் சொல்லிப் பார்த்தார். “உன்னுதுன்னா? அவனோடதுன்னா?” என்றார். நல்ல மாணவர் கேட்கிற கேள்வி அது. மூன்றையும் வாய்ப்பாடு மாதிரி எழுதிக் கொடுத்து, சரியாகச் சொன்னதும், சிஸ்டர் எனக்குப் போடுவது போலவே நோட்டில் ‘முய் பியென்’ என்று எழுதிக் கீழே கோடு போட்டேன். மிக நன்று என்று அர்த்தம்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “பெரியப்பா தப்பு என் மேலன்னு ஸ்பெயின்காரர்கிட்டச் சொல்லப் போறாருங்கப்பா.”

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நான் அண்ணனைப் பத்தி வேற மாதிரி நெனச்சுட்டேன் பாரு” என்றார். அம்மா விளக்கை ஏற்றி, முருகன் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள்.

ஸ்பெயின்காரர் வந்த அன்று அம்மா எனக்குப் பட்டுப்பாவாடை கட்டி அனுப்பினாள். கட்டிங் மேசைக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தி, “நான் தெணறுனா நீ எடுத்துக்குடு” என்றார் பெரியப்பா. தலைக்குப் புதுச்சாயம் அடித்திருந்தார். ஏஜென்ட்டைக் குடோனில் பெட்டிகளைப் பார்க்க அனுப்பிவிட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வேலை செய்கிறவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்பெயின்காரர் நெட்டையாக, சட்டை முதுகோடு ஒட்ட வியர்த்துக்கொண்டு வந்தார். பெரியப்பா கையெடுத்துக் கும்பிட்டு, “புயேனோஸ் தியாஸுங்க” என்றார். அந்த மனிதர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, பெரியப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அப்புறம் பையிலிருந்து சுருங்கின சட்டை ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தார் ஸ்பெயின்காரர். இது யாரால் என்று கேட்டார். பெரியப்பா மேசையைச் சுற்றிக்கொண்டு போய் அப்பாவின் தோளில் கை வைத்தார். அந்தக் கை அந்தத் தோளில் விழுந்தது அதுதான் முதல்தடவை. அப்பா நெளிந்து, கூச்சத்தோடு சிரித்தார்.

“எல் ஓம்ப்ரே… வியேஹோ” என்றார் பெரியப்பா. இந்த ஆள் கிழவன். “ஓஹோஸ் மாலோஸ்.” கண் சரியில்லை.

அப்பா பெரியப்பாவைவிட ஆறு வயது இளையவர். சாயம் அடிக்காத தலை, கயிறு கட்டிய கண்ணாடி. ஸ்பெயின்காரர் அதைப் பார்த்தார். நம்பிவிட்டார்.

“லா… லா…” என்று பெரியப்பா நின்றார். சொல் வரவில்லை. என் பக்கம் திரும்பினார்.

எனக்குள் எல்லாம் அப்போதே கோத்துக்கொண்டுவிட்டது. பழைய மெஷின், கண், நாளைக்கு லீவு, எல்லாம் எதற்கு என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் நான் வாயைத் திறந்தேன்.

“குல்பா” என்றேன்.

வாய் தவறி வந்தது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தவறி வரவில்லை. கேட்டால் உடனே பதில் சொல்கிற பிள்ளை நான். எல்லோரும் பார்க்கும்போது தெரிந்த சொல்லைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வராது. பரிசு வாங்குகிற அந்தப் புத்தியை நினைத்தால் பெரியப்பாவின் எச்சில் விரல்கூட எனக்கு அவ்வளவு அருவருப்பாக இல்லை.

“லா குல்பா தே எல். மன்யானா நோ திரபாஹா” என்று முடித்தார் பெரியப்பா. தப்பு இவன் மேல், நாளைக்கு இவனுக்கு வேலையில்லை. நடுவில் ஒரு சொல்லை விட்டுவிட்டார், ஆனாலும் அந்த மனிதருக்குப் புரிந்துவிட்டது. அப்பாவை இரக்கத்தோடு பார்த்துத் தலையை ஆட்டினார். தன்னைப் பார்த்து ஆட்டுகிறாரே என்று அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, பல் தெரியச் சிரித்தார். போகும்போது ஸ்பெயின்காரர் ஈரக் கையால் என் கன்னத்தைத் தட்டிக் கெட்டிக்காரப் பெண் என்றார்.

துணியை ஓர் இரவு கிடக்கவிடவில்லை என்று சொல்ல எனக்கு ஐந்தாறு சொல் போதும். அத்தனையும் எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் ஆர்டர் போயிருக்கும், கம்பெனி போயிருக்கும், அப்பாவின் வேலையும் கூடவே போயிருக்கும் என்று இப்போது கணக்குப் போடுகிறேன். அப்போது எந்தக் கணக்கும் போடவில்லை. பயந்துபோய் நின்றேன்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் அப்பா என் காதுக்குக் குனிந்து கேட்டார். “என்ற தோள்மேல கை வெச்சு என்னமோ சொன்னாரே, என்ன கண்ணு?”

“நல்ல மனுசன், இந்தாளை உட்டா வேற ஆளில்லைன்னு சொன்னாருங்கப்பா.”

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு ஸ்டாப் போகும்வரை திரும்பவே இல்லை.

மறுநாள் பெரியப்பா அவரைக் கூப்பிட்டு, “ஆர்டரு கம்மியாயிப் போச்சு தம்பி. கொஞ்ச நாளு ஊட்டுல இரு, நானே கூப்படறேன்” என்றார். ஆர்டர் கம்மியாகவில்லை. அடுத்த வாரமே வேறொரு கட்டிங் மாஸ்டர் வந்துவிட்டார். திருப்பூரின் கட்டிங் மாஸ்டர்கள் ஒருவருக்கு ஒன்றென்றால் எல்லோரும் கத்தியைக் கீழே வைத்துவிடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் பெரியப்பாவுக்கு யாருக்கும் புரியாத ஒரு மொழி வேண்டியிருந்தது. அப்பாவின் சிநேகிதர்கள் வீடு தேடி வந்து, உன்னைக் கழற்றிவிட்டார்கள், நாலு பேராகப் போய்க் கேட்போம் வா என்று கூப்பிட்டார்கள்.

“வெள்ளைக்காரன் முன்னால என்னைப் பெருமையாப் பேசுன மனுசன். அவரு வஞ்சகம் பண்ணுவாரா? கூப்புடுவாரு” என்றார் அப்பா.

ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தார். வேறு கம்பெனிகள் கூப்பிட்டன, போகவில்லை. நான் சொன்ன ஒரு பொய்யை நம்பிக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார். கூப்பிடுவதெல்லாம் நின்றுபோன பிறகு, அவிநாசிபாளையத்தில் ஒரு சின்ன யூனிட்டில் நூல் பிசிறு வெட்டுகிற வேலை கிடைத்தது. அவ்வளவு தூரம் பஸ்ஸில் போய் வந்தார். துணியில் கத்தி வைக்க அவரை அங்கே யாரும் விடவில்லை.

நோட்டை வெந்நீர் அடுப்பில் போட்டேன். நனைந்து காய்ந்த மூலைகள் சீக்கிரம் எரியவில்லை, புகைந்தன. கடைசி வாரத்தில் என்னிடம் வாங்கிப்போன அகராதியைப் பெரியப்பா திருப்பித் தரவே இல்லை. தொலைத்துவிட்டேன் என்று சிஸ்டரிடம் சொன்னேன். பொறுப்பில்லாத பெண் என்று முடிவுகட்டி, அதற்குப் பிறகு அவர் என்னோடு ஸ்பானிஷ் பேசவில்லை. பல வருடம் கழித்து அது பெரியப்பா வீட்டு ஷோகேஸில், பீங்கான் வாத்துகளுக்கு நடுவில், நீல அட்டை தெரிய நிற்பதைப் பார்த்தேன்.

வேலையில்லாமல் இருந்த அந்த நாட்களில் ஒரு மத்தியானம் அப்பா என்னைக் கூப்பிட்டார். “அன்னைக்கு அண்ணன் சொன்னாரே, அதை அந்தப் பாசையிலயே சொல்லு கண்ணு. நானும் பழகிக்கறேன்.”

நான் என்ன செய்ய முடியும்? ஒரு வாக்கியத்தை உண்டாக்கினேன். “எஸ் உன் ஓம்ப்ரே புயேனோ. நோ ஆய் ஓத்ரோ.” நல்ல மனிதர், இவரை விட்டால் இன்னொருவர் இல்லை. அப்பா துணியில் கோடு போடுகிற சாக்கட்டியால் அதைச் சுவரில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு, பத்தே நிமிடத்தில் பிசகில்லாமல் சொன்னார். பெரியப்பாவைவிட நல்ல மாணவர். கல்யாணங்களில், இழவு வீடுகளில், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமெல்லாம் சொல்வார். ஒவ்வொரு தடவையும் எனக்கு வாய் கசந்துபோகும்.

என் கல்யாணத்துக்குப் பெரியப்பா வந்திருந்தார். அப்பா அவரைக் கையைப் பிடித்து மணமேடைக்குக் கூட்டிவந்தார்.

“நீங்க சொன்னது எனக்கு இன்னும் மறக்கலீங்கண்ணா” என்று சொல்லி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “எஸ் உன் ஓம்ப்ரே புயேனோ, நோ ஆய் ஓத்ரோ” என்றார்.

பெரியப்பா விழித்தார். தான் சொன்னது அதுவல்ல என்று தெரிகிற அளவுக்கு அவருக்கு நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். மெதுவாக அப்பாவின் தலைக்கு மேலே என்னைப் பார்த்தார். மாலையும் கழுத்துமாக நின்ற நான் அவர் கண்ணை விட்டு என் கண்ணை எடுக்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. பாக்குக் கறைப் பல்லைக் காட்டிச் சிரித்து, அப்பாவின் தோளில் மறுபடியும் கையை வைத்தார்.

“அதே வார்த்தைதான் தம்பி. இந்தப் புள்ளைதானே சொல்லிக்குடுத்துச்சு” என்றார்.

“கேட்டயா கண்ணு?” என்று அப்பா என் பக்கம் திரும்பினார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. “அண்ணனும் மறக்கலை.”

ஆமாங்கப்பா என்றேன்.